அடைக்கோழிக்கு ஏன் இந்தத் தண்டனை?

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்ததும் கூட்டை விட்டு நகராது. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். 'கோழி அவயத்துக்குக் கிடக்கு' என்று தூத்துக்குடி, விளாத்திகுளம் பக்கம் சொல்வார்கள். உடனே வீட்டில் வைத்தியம் ஆரம்பமாகிவிடும். வாளித் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது, காலைக் கட்டிப் போடுவது... என்னவோ களவு செய்து பிடிபட்டது மாதிரி!

உண்மையில் நடப்பது இதுதான். கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது, முட்டை நிற்கிறது, உட்காரத் தோன்றுகிறது. (தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதே ஹார்மோன்தான்.) மூக்கில் இறகு செருகினால் புண்தான் மிச்சம்.

முட்டை நின்றுபோச்சே என்பதுதான் எல்லோருடைய கவலையும். நாமக்கல் பண்ணைகளில் வருடம் 300 முட்டை இடும் வெள்ளைக் கோழிகளோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவை அடை உட்காரும் குணத்தையே பல தலைமுறையாகக் கழித்துக் கழித்து உருவாக்கிய இனம். அங்கே குஞ்சு பொரிப்பது இயந்திரத்தின் வேலை. வாசலில் மேயும் சிறுவிடைக்கு இயந்திரம் யார் வாங்கித் தருவார்கள்?

விடியும் முன்னே உப்பளத்துக்குப் போகிற ஒரு பெண்ணால் இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சூடு பார்க்க முடியுமா? அடைக்கோழி கரண்ட் இல்லாமல் சுமார் 37.5 டிகிரி சூட்டில் முட்டையைக் காக்கிறது. தானே புரட்டி விடுகிறது. 21 நாளில் பொரித்த பிறகு குஞ்சுகளைப் பருந்து, காக்கையிடம் இருந்தும் காப்பாற்றுகிறது. முட்டையை விற்றால் வருகிற காசையும், வளர்ந்த கோழியை விற்றால் வருகிற காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், அடை உட்காருவதை நஷ்டக் கணக்கில் எழுத மனசு வராது.

அதற்காக எப்போதும் உட்கார விட வேண்டும் என்பதில்லை. சேவல் இல்லாத வீட்டில் உட்கார்ந்து பயன் இல்லை. கத்திரி வெயிலில் பாதி முட்டை கூமுட்டையாகிவிடும். அப்போது அடை கலைப்பது நியாயமே. அதற்குக் கம்பிவலை அடிப்பாகம் உள்ள கூண்டு போதும். தரையிலிருந்து உயர்த்தி, நிழலும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைத்து, உள்ளே வைக்கோல் போடாமல், தீவனமும் தண்ணீரும் கொடுத்தால் வயிற்றடியில் காற்றுப்பட்டு மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். உட்கார்ந்த முதல் நாளே தொடங்குவது நல்லது, தள்ளிப்போட்டால் நாள் கூடும்.

உட்கார வைப்பதென்றால் பனையோலைப் பெட்டியில் மணல் பரப்பினால் போதும். இடிக்குப் பயந்து பாட்டிமார் போடும் கரித்துண்டும் ஆணியும் கிடந்துவிட்டுப் போகட்டும், அதனால் கோழிக்கு வலியில்லையே! ஏழெட்டு நாள் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கரு பிடிக்காத முட்டையை எடுத்துவிடலாம். இரையையும் தண்ணீரையும் மட்டும் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், அதுவும் கொஞ்ச நேரம்தான், எழுந்து வரும்.