ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

‘ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்’ என்கிறது கணினித் திரை. மரியாதையான வார்த்தைதான். ஆனால், நம்முடைய பதில் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் அது சொல்லுவதில்லை. எழுதிக் கொடுக்க அங்கே இடம் கிடையாது. அம்புக்குறியைத் தொட்டால் கீழே இறங்குகிற பெயர்களில் ஒன்றுக்குள் நாம் அடங்கியாக வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் இதற்கு நியாயம் சொல்லுவார்கள். நியாயம் இல்லாமலும் இல்லை. ஜனங்களை இஷ்டம்போல் எழுதவிட்டால் ஒருவர் நாகப்பட்டினம் என்பார், ஒருவர் நாகை என்பார், இன்னொருவர் நாகபட்டணம் என்பார். இயந்திரம் மூன்று ஊர் என்று கணக்குப் பண்ணிவிடும். 1991-இல் வெளிவந்த விஷுவல் பேஸிக்கில், திரையில் ஒரு பெயர்ப்பலகையை வைத்தால் அதன் எழுத்து எந்தப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டுமென்று மூன்றில் ஒன்றைச் சொல்லலாம்: இடதுக்கு 0, வலதுக்கு 1, நடுவுக்கு 2. வேறெதையும் கொடுத்தால் ஏற்காது. நல்ல ஏற்பாடு. இடதும் வலதும் நாளைக்கும் இடதும் வலதுமாகவே இருக்கும்.

நம் காவேரிக் கரையின் குறுவை, சம்பா, தாளடி என்ற பட்டியலையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அது ஆற்றுத் தண்ணீரும் மழையும் சேர்ந்து போட்ட பட்டியல்.

ஆனால் ஜில்லாவை யார் போட்டார்கள்? மனிதர்கள் போட்டார்கள், மனிதர்களே மாற்றுவார்கள். அதே 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமாயிற்று. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. திருவாரூர்க் கமலாலயக் குளக்கரையில் வீடு மாறாமலே குடியிருக்கும் ஒருவர் 1990-இல் தஞ்சாவூர்க்காரர், 1992-இல் நாகப்பட்டினத்துக்காரர், 1998-இல் திருவாரூர்க்காரர்! இப்படிப்பட்ட விஷயத்தை ‘இடம், வலம், நடு’ மாதிரி நினைத்துப் புரோகிராமுக்குள்ளே கல்வெட்டாய் வெட்டிவைக்கிறவரை என்னவென்று சொல்வது?

அதன் விளைவைப் பாருங்கள். பட்டியலில் உள்ள பெயரை இயந்திரம் பெரும்பாலும் பெயராக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. எழுதியவர் தாமே எண் கொடுக்காவிட்டால், பல கணினி மொழிகள் 0-லிருந்து வரிசையாகக் கொடுத்துவிடும். தஞ்சாவூர் 0, நாகப்பட்டினம் 1 என்று வைத்துக்கொள்வோம். பிறகு திருவாரூர் வந்ததும், அகர வரிசை கெடக்கூடாதே என்று ஒரு புண்ணியவான் அதை நடுவில் செருகுகிறார். திருவாரூர் 1, நாகப்பட்டினம் 2 ஆகிவிடுகிறது. ஏற்கெனவே 1 என்று பதிவாகியிருந்த நாகப்பட்டினத்து ஜனங்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் திருவாரூருக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார்கள்! பதிலே சொல்லாதவர் கதி இன்னும் வேடிக்கை. பூஜ்யம்தான் இயல்பான மதிப்பு என்பதால், வாய் திறக்காத அவரைத் தஞ்சாவூர் எடுத்துக்கொள்ளும்.

ஊர்ப் பெயரில் நடப்பதை வேடிக்கை என்று சிரித்துவிடலாம். ‘ஆண், பெண்’ என்ற இரண்டே வரியோடு நிற்கிற பட்டியலைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? திருநங்கைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2008-இல் நல வாரியம் அமைத்தது. மூன்றாம் பாலினத்தை 2014-இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. அதற்குப் பிறகும் இரண்டு வரிப் பட்டியலை ஒருவர் முன்னால் நீட்டினால், அவர் பொய் சொல்லியாக வேண்டும், அல்லது எழுந்து போக வேண்டும். பொய் சொல்ல வைத்த பிறகு, ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் கேட்கிறார்களே, அந்தத் துணிச்சலை என்ன சொல்ல!

“அதற்குத்தான் ‘மற்றவை’ என்று ஒரு வரி போட்டிருக்கிறோமே” என்பார்கள். பக்கத்தில் எழுத ஒரு கட்டம் இருந்தால் ‘மற்றவை’ திண்ணை மாதிரி. வந்தவர் உட்கார்ந்து தாம் யாரென்று சொல்லலாம். கட்டம் இல்லாத ‘மற்றவை’ வெறும் குப்பைத்தொட்டி. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் ஊர் ஊராய்த் தேடி 100-க்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைச் சேர்த்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை எல்லாவற்றையும் ‘மற்றவை’ என்று ஒரே மூட்டையில் கட்டினால், அவர் பிரித்துவைத்ததை மறுபடியும் கலந்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

பட்டியலே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உலகம் மூடிவைத்ததை நீங்களும் மூடுங்கள். மனிதர் மாற்றக்கூடியதை மூடாதீர்கள். அத்தகைய பட்டியலைப் புரோகிராமுக்கு வெளியே தனி அட்டவணையாக வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நிலையான எண் கொடுங்கள்; ஒருவருடைய எண்ணை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். பூஜ்யத்தைச் ‘சொல்லவில்லை’ என்பதற்கு ஒதுக்குங்கள். மாறிப்போன பழைய பெயரை அழிக்காமல், எந்த வருஷம்வரை செல்லும் என்று குறித்துவையுங்கள்.

இதெல்லாம் அதிக வேலை என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைதான், ஐயா! அதை நீங்கள் ஒருமுறை செய்யாவிட்டால், திரைக்கு முன்னால் உட்காருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் தம்மை வெட்டிச் சுருக்கிக்கொள்கிற வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு யார் கூலி கொடுப்பது?