ஆட்டு ரத்தமா, யானை ரத்தமா? மெஷினிடம் முதலில் சொல்லணும்!

மவுத் ஆர்கன் வாசித்துப் பேர் வாங்கிய ஸ்ரீரங்கம் ஆண்டாள் யானைக்கும், மணப்பாறைப் பக்கம் மேயும் வெள்ளாட்டுக்கும் உடம்பில் மட்டுமல்ல, ரத்தத்திலும் வித்தியாசம் உண்டு. யானையின் சிவப்பணு சுமார் 9 மைக்ரான் அகலம். மனிதருக்கு 7 முதல் 8. வெள்ளாட்டுக்கு 4 மைக்ரான்கூடத் தேறாது. (1,000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்.)

இவ்வளவு சின்ன அணுக்களை லேபில் எப்படி எண்ணுகிறார்கள்? மின்சாரத்தை வைத்துத்தான்!

தில்லைநகர், புத்தூர் பக்கம் 'சி.பி.சி' டெஸ்ட் எடுத்திருப்பீர்கள். அந்த மெஷின்கள் பலவற்றுக்கும் அடிப்படை, அமெரிக்கரான வாலஸ் கூல்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறை. ரத்தத்தை உப்புக் கரைசலில் கலந்து, மிக நுண்ணிய துளை வழியே அனுப்புவார்கள். துளையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். அணுவின் மேல்சவ்வு கடத்தாது. அதனால் ஒவ்வோர் அணு நுழையும்போதும் மின்தடை சட்டென்று ஏறி இறங்கும். எத்தனை முறை ஏறுகிறதோ அத்தனை அணுக்கள். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெரிய அணு.

அந்தச் சவ்வின் தடிமனையும் மின்சாரமே காட்டிக்கொடுத்தது. 1925-ல் ஹ்யூகோ ஃபிரிக் என்ற விஞ்ஞானி, நாய் ரத்தத்தில் மின்சாரம் செலுத்தி, அது சுமார் 3.3 நானோமீட்டர் என்று கணக்கிட்டார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அப்போது பிறக்கவே இல்லை!

சிக்கல் எங்கே வருகிறது? மனித ரத்தத்துக்கு செட் செய்த மெஷினில் ஆட்டு ரத்தத்தை வைத்தால், அதன் குட்டிச் சிவப்பணுக்களைத் தட்டணுக்கள் என்று அது நினைத்துவிடும். ரிப்போர்ட்டில் சிவப்பணு குறைவாகவும், தட்டணு எக்கச்சக்கமாகவும் வரும். நன்றாக இருக்கும் ஆட்டுக்கு ரத்தசோகை என்று பதறிப்போவீர்கள். மழைக்காலத்தில் குடற்புழுக்கள் ரத்தம் உறிஞ்சி, ஆடுகள் நிஜமாகவே சோகை பிடித்துச் சாவதும் உண்டு. எது நோய், எது மெஷின் குழப்பம் என்று தெரிந்தால்தானே சரியான மருந்து கொடுக்க முடியும்?

அதனால்தான் கால்நடைகளுக்கான மெஷின்களில் ஆடு, மாடு, நாய், பூனை என்று தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. அது இல்லாத இடத்தில், ரத்தத்தை மெல்லிய குழாயில் வேகமாகச் சுழற்றி, அடியில் படியும் சிவப்பணுக்களின் அளவைப் பார்ப்பார்கள்.

உங்கள் ஆட்டுக்கோ நாய்க்கோ ரத்தம் எடுத்தால், தெருமுனை லேபுக்கு ஓடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, "இது எந்த விலங்குக்கான செட்டிங்கில் பார்த்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.