அரசாணையின் நிழலில் ஆசிரியர் ஊதியம்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இரண்டு இடைநிலை ஆசிரியர்கள். இருவரும் பெற்றது ஒரே பட்டயம். நடத்துவது ஒரே பாடநூல். காலையில் ஒரே வருகைப் பதிவேட்டில் ஒருவர் பெயருக்குக் கீழ் மற்றவர் கையொப்பமிடுகிறார். மாத இறுதியில் வரும் ஊதியம் மட்டும் வேறு. ஒருவர் 2009 மே 31-க்குள் பணியேற்றவர். மற்றவர் அதற்குப் பின் வந்தவர். இருவரையும் பிரித்தது ஓர் இரவு.

இந்தப் பிளவு பிறந்த வகையை மக்கள் அறிதல் வேண்டும். ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டிய புதிய ஊதிய விகிதங்களை, தமிழக அரசு 2009 ஜூன் 1 நாளிட்ட 234 ஆம் எண் அரசாணையால் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பணியில் இருந்த இடைநிலை ஆசிரியரின் பழைய அடிப்படை ஊதியமான 4,500 ரூபாய், 1.86-ஆல் பெருக்கப்பட்டு 8,370 ஆயிற்று. பின்னர் நுழைந்தவருக்கோ ஊதியக் கட்டின் தொடக்கமான 5,200 ரூபாயே விதிக்கப்பட்டது. தர ஊதியம் இருவர்க்கும் 2,800. ஆக, வேறுபாடு 3,170 ரூபாய். ஏழாவது ஊதியக் குழு வந்து 2.57-ஆல் பெருக்கியபோது அந்த வேறுபாடும் கூடவே பெருகி எட்டாயிரத்தைக் கடந்தது. அகவிலைப்படி உயரும்தோறும் அதுவும் உயர்கிறது. எவரும் தீங்கெண்ணி இதைச் செய்தார் என நாம் கூறவில்லை. கணக்கெழுதும் மேசையில் நேர்ந்த பெருக்கல் அது. ஆயினும், பிழையெனத் தெரிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் திருத்தாமல் விட்டதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

சென்னையில் கல்வித்துறை இயக்குநரகங்கள் அமைந்த வளாகத்தில், குறைந்த ஊதியம் பெறும் இந்த இடைநிலை ஆசிரியர்கள் பலமுறை உண்ணாநிலை இருந்தார்கள். மயங்கி விழுந்தவர்களை மருத்துவமனைக்குச் சுமந்து சென்ற காட்சிகளை நாடு பார்த்தது. இவர்கள் கோரிக்கையை ஆராய 2023 சனவரியில் மூவர் குழு ஒன்றும் அறிவிக்கப்பட்டது. எண்ணும் எழுத்தும் கற்பிப்பவர்கள் தங்கள் கணக்கைத் தெருவில் அமர்ந்து விளக்க வேண்டியிருந்தது.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலியவற்றைக் கற்பிக்க 2012-ல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். அது 12,500 ஆகப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வோர் உயர்வும் ஓர் அறிவிப்பாக வந்தது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் முன்னால் ஒரு போராட்டம் நிற்க வேண்டியிருந்தது. நெடுங்காலம் அவர்களுக்கு மே மாதத்தில் ஊதியமே இருந்ததில்லை. ஜூனில் தம் பிள்ளைக்குக் குறிப்பேடும் காலணியும் வாங்க வேண்டிய வேளையில், ஊரார் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தவரின் கை வெறுமையாக இருந்தது.

பள்ளி ஊழியர் என்றால் ஆசிரியர் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. 1982-ல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டத்தைத் தமிழகத்தின் பெருமையாக நாம் அனைவரும் பேசுகிறோம், பேசத் தக்கதே. அந்தப் பெருமையைச் சமைப்பவர் யார்? 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டது. அவர்களுக்கான தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஓராண்டு பணி முடித்த பின்னரே சிறப்புக் காலமுறை ஊதியம். அதுவரை நாளொன்றுக்கு நூறு ரூபாய். அரிசி களைந்து, காய் நறுக்கி, முட்டை அவித்து, பிள்ளைகள் உண்டு எழுந்தபின் கரிபிடித்த பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு நூறு ரூபாய். இதைத் தற்காலிக ஏற்பாடு என்று சொல்வதால் அவள் வீட்டு அரிசியின் விலை குறைந்துவிடாது.

இம்மூன்றுக்கும் வேர் ஒன்றே: பள்ளி ஊழியரின் ஊதியம் அரசாணையால் தரப்படுகிறது. ஆணையால் வந்ததை ஆணையால் நிறுத்தலாம், தள்ளலாம், ஒரு குழுவிடம் ஒப்படைத்து மறக்கலாம். சட்டமன்ற உறுப்பினர்களின் ஊதியம் அவ்வாறு இல்லை. அரசமைப்பின் 195 ஆம் பிரிவு அதைச் சட்டத்தால் வகுக்கச் சொல்கிறது. அதற்கென 1951 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2018 சனவரியில் அச்சட்டத்தைத் திருத்தியே அவர்களின் மாத வருவாய் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக்கப்பட்டது. அந்த உயர்வைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. மசோதா, விவாதம், வாக்கெடுப்பு என்னும் அந்த நெறி பள்ளி ஊழியருக்கும் வேண்டும் என்கிறோம். அரசு ஊழியரின் பணி நிபந்தனைகளைச் சட்டமன்றம் சட்டத்தால் வகுக்கலாம் என்று 309 ஆம் பிரிவு தெளிவாக இடம் தருகிறது.

நீதிமன்றங்கள் வழிகாட்டாமல் இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் 39 ஆம் பிரிவின் நெறியைச் சமத்துவ உரிமையோடு இணைத்துப் படித்து, 1982-ல் டெல்லிக் காவல்துறை ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உயிரூட்டியது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே பணியைச் செய்யும் தற்காலிக ஊழியர், அந்த ஊதிய விகிதத்தின் குறைந்த அளவையேனும் பெற உரியவர் என்று 2016-ல் பஞ்சாப் வழக்கில் அதே மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மூவாயிரம் ரூபாய் பெறுபவர் வழக்கறிஞரைத் தேடி எங்கே போவார்?

கருவூலத்தில் பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சம்பளமும் ஓய்வூதியமும் மாநில வருவாயில் பெரும்பங்கைக் கொள்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வழி உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வரியை உயர்த்தச் சட்டமன்றத்தின் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். அத்தகைய இறுக்கமான விதிக்குள்ளும் 2018 மார்ச்சில் அம்மன்றம் வரிகளை உயர்த்தி, ஆசிரியருக்கு ஆண்டுக்குச் சராசரி 6,100 டாலர் ஊதிய உயர்வைச் சட்டமாக்கியது. பள்ளியின் பிற ஊழியருக்கும் அப்போது 1,250 டாலர் உயர்வு வகுக்கப்பட்டது. அதுவும் போதவில்லை என்று ஏப்ரலில் ஆசிரியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள் என்பது உண்மை. எனினும் செலவையும் அதற்கான வரவையும் மன்றம் ஒருசேர முடிவு செய்தது.

நம் மன்றத்திலும் அத்தகைய மசோதா வரவேண்டும். 3,170 ரூபாயில் தொடங்கிய வேறுபாட்டை மூன்று நிதியாண்டுகளில் நீக்கும் கால அட்டவணை அதில் இருக்கட்டும். சமையற்கூடத்திலும் வகுப்பறையிலும் தொகுப்பூதியம் என்னும் முறைக்கு முடிவு நாள் குறிக்கட்டும். ஊதியம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கும் உரியது என்றும் எழுதட்டும். இதைக்கூடச் சட்டத்தில் எழுத வேண்டியிருப்பது நமக்கு வருத்தமே. ஆனால் அந்த மே மாதங்களைக் கண்டபின், எழுதாமல் விட நம்மால் இயலாது.