பணி அறியப்படாத மரபணுக்கள்

மனித மரபணுத் தொகுப்பை வாசிக்கும் பணி நிறைவுற்றதாக 2003ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆயினும், எழுத்துகளை வாசிப்பது வேறு. அவற்றின் பொருளை அறிவது வேறு. புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மனித உடலில் ஏறக்குறைய 20,000 உள்ளன. ஒரு மரபணுவைக் கொண்டு எந்தப் புரதம் உருவாகும் என்று கணித்துவிடலாம். அந்தப் புரதம் உடலில் என்ன வேலை செய்கிறது என்பதோ பல மரபணுக்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் அறிந்த மரபணுக்களையே மீண்டும் மீண்டும் ஆராய்கின்றனர். புற்றுக்கட்டிகள் வளராமல் தடுக்கும் டிபி53 மரபணுவைப் பற்றி மட்டும் பல்லாயிரம் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. இதற்குச் சோம்பல் காரணமன்று. முன்பின் தெரியாத மரபணுவைத் தேர்ந்தெடுக்கும் இளம் ஆய்வாளர், பல ஆண்டுகள் உழைத்த பின்னும் வெறுங்கையுடன் நிற்க நேரிடலாம். நிதி வழங்குவோரும் பயன் தெரிந்த ஆய்வையே விரும்புகின்றனர்.

நோயாளிகள் மருந்துக்காகக் காத்திருக்கும்போது, பயன் தெரியாத ஆய்வுக்குப் பணம் செலவிடலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால், சி9ஓஆர்எஃப்72 என்னும் மரபணுவின் கதை வேறொன்றைச் சொல்கிறது. அது முறையான பெயர்கூட அன்று. ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பதைக் குறிக்கும் தற்காலிக அடையாளம். அதன் பணி யாருக்கும் தெரியாதிருந்தது. 2011இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டறிந்தன. அம்மரபணுவில் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால், தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் உண்டாகலாம். ஒருவகை மறதி நோய்க்கும் அதுவே காரணமாகிறது. நோயாளிகள் காத்திருந்ததற்கான விடை, எவரும் கவனிக்காத மரபணுவில் இருந்தது! அந்தத் தற்காலிக அடையாளம் இன்றும் மாறவில்லை.

இது அரிதான தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மனிதரிடமும் பழ ஈக்களிடமும் காணப்படும், பணி அறியப்படாத 260 மரபணுக்களை இங்கிலாந்து ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். பழ ஈக்களில் அவற்றை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மரபணுக்கள் இல்லாமல் ஈக்களால் உயிர்வாழவே முடியவில்லை. 2023இல் வெளியான முடிவு இது.

எனவே, ஆய்வு நிதியில் ஒரு பகுதியை இத்தகைய மரபணுக்களுக்கென்றே தனியாக ஒதுக்க வேண்டும். அந்த விண்ணப்பங்களிலாவது, "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வியை முதலில் கேட்காமல் இருக்கலாம்.