பெயர் தெரியாத பறவை

சித்திரை பிறந்துவிட்டால் தமிழில் ஒரு வகைக் கவிதையும் பிரயாணக் கட்டுரையும் முளைத்துவிடுகின்றன. எழுத்தாளர்கள் நாலைந்து பேர் காரில் மலைக்காட்டுக்குப் போகிறார்கள். ஓடைக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குகிறார்கள். திரும்பி வந்து எழுதுகிறார்கள். எழுதியதில் நெருப்பு உண்டு, நட்சத்திரம் உண்டு, மௌனம் உண்டு. ‘பெயர் தெரியாத ஒரு பறவை’யும் நிச்சயம் உண்டு. இந்தப் பறவையோடுதான் எனக்குச் சண்டை.

பெயர் தெரியாதது யாருக்கு? திருச்சிக்காரர்களையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் கிளம்பிக் கொள்ளிடம் பாலம் தாண்டி, மண்ணச்சநல்லூர், துறையூர் வழியாகப் போனால் பச்சைமலை. அதே துறையூரிலிருந்து மேற்கே திரும்பினால் கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை. நாமக்கல் பக்கமாகச் சுற்றினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கே போகலாம். இந்த மலைகளில் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல) தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். சாமை விதைக்கிறார்கள், மரவள்ளி போடுகிறார்கள், மிளகு பறிக்கிறார்கள். நம் கவிதைக்குள் இவர்கள் வருவதில்லை. வந்தாலும் டீ கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பறவைக்குப் பெயர் கிடைத்திருக்கும். கேட்காமல் இருந்ததற்குத்தான் மௌனம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

கொல்லிமலையில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மரம். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொழுகொம்பாகவும் மனிதர்கள் கொண்டுவந்து நட்டது. அதனடியில் நின்றுகொண்டு நம் கவிஞர் ‘ஆதி வனத்தின் பெருமூச்சை’க் கேட்கிறார். கேட்டது வனத்தின் மூச்சல்ல, தன்னுடையதுதான்.

இதைத் தகவல் பிழை என்று ஒதுக்க முடியாது. இது இலக்கியப் பிரச்சினை. முதல், கரு, உரி என்று மூன்றைச் சொன்னது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், புள், விலங்கு, உணவு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். இவற்றின் மேல்தான் உரிப்பொருள் நிற்கிறது. நாம் முதலையும் கருவையும் உதறிவிட்டு உரியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்: தனிமை, சூன்யம், காலமின்மை. இந்தச் சூன்யத்தைத் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையிலேயே அடைந்திருக்கலாமே. பெட்ரோல் மிச்சம்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்கிறது அதன் பழங்குறிப்பு. தமிழ் தெரியாதவனுக்குத் தமிழைக் காட்ட வந்த பாட்டு என்ன செய்கிறது? 261 அடிகளுக்குள் 99 பூக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பட்டியல் எப்படிக் கவிதையாகும் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெண்கள் தினைப்புனத்தில் கிளி ஓட்ட வந்தவர்கள். அருவியில் ஆடிவிட்டு, பறித்த பூக்களைப் பாறைமேல் குவிக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு கை இருக்கிறது. பறவைக் கையேட்டைப் பார்த்துப் பத்துப் பெயரைச் செருகுவதும் பம்மாத்துத்தான். அதை நான் கேட்கவில்லை.

காரையும் குற்றம் சொல்லவில்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காரில் போனவர்கள்தான். 1971-இல் வந்த அவர்களுடைய ‘நடந்தாய் வாழி காவேரி’யில் குடகிலிருந்து பூம்புகார் வரை ஆறு கூடவே வருகிறது. வழியில் ஊர் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது, வாய் ஓயாமல் பேசும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்களின் ஆத்மா எங்கே என்று தேடினால் இவற்றுக்குள்தான் கிடைக்கும். அந்த வாசல் திறந்தே இருந்தும் அவ்வழி போனவர்கள் எத்தனை பேர்?

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. புளியஞ்சோலையில் நாம் கால் நனைக்கும் அய்யாறு, மலைமேல் ஆகாய கங்கையாக விழுந்து வருவது. கீழே இறங்கிக் காவேரியில்தான் சேர்கிறது. அந்தக் காவேரி கோடையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் மணலாகக் கிடக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபிறகு இங்கே தண்ணீர் வருவதும் நிற்பதும் மதகின் கையில். வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். இடைப்பட்ட வெயிலில் வீட்டு ஆற்றை விட்டுவிட்டு மலை ஆற்றுக்கு ஓடுகிறோம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-இல் கட்டியது. அதே மாதம் 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. மணல் கொள்ளையா, கட்டுமானத்தின் வயதா என்று ஊரே வாதாடியது. நம் பத்திரிகைகளின் கவிதைப் பக்கங்களில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது? பெயர் தெரியாத ஓடை.

பெயர் இருக்கும் ஆறு செத்தால் யாராவது கேட்பார்கள். பெயர் இல்லாத பறவை போனால் போனதே தெரியாது. பெயர் தெரியாது என்பதை அழகாகச் சொல்லப் பழகிய மொழி, இழப்பையும் அழகாகவே சொல்லிக்கொண்டிருக்கும். எனக்கு இதுதான் பயம்.

அடுத்த சித்திரையில் போகிறவர்கள் போகட்டும். அங்கே இருப்பவர்களிடம் பறவையின் பெயரைக் கேட்டு வரட்டும். கேட்க மனமில்லாதவர்கள், அந்த வரியை அடித்துவிட்டுக் கவிதையை அனுப்பட்டும்.