விதை ஏராளம், மண்தான் அரிது

தில்லி சாணக்யபுரியின் விருந்து மேசைகளில் இடம்பிடிக்கும் ஆர்க்கிட் பெரும்பாலும் கண்ணாடிக் குடுவையில் பிறந்து, பசுமைக்குடிலில் வளர்ந்து, அட்டைப்பெட்டியில் வந்து இறங்குவது. வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். இதே தில்லியில் யாரும் நடாமல் முளைக்கும் ஆர்க்கிட் ஒன்றும் உண்டு. ஸூக்சின் ஸ்ட்ராட்யூமேட்டிகா என்பது தாவரவியலார் வைத்த பெயர். ஈரம் தங்கும் புல்தரையிலும் நீரோரத்திலும் வளரும். ஒரு சாண் உயரம் வந்தால் அதிகம். குளிர் மாதங்களில், செம்பழுப்பு ஓடிய ஒல்லி இலைகளுக்கு மேலே, மஞ்சள் உதடு கொண்ட வெள்ளைப் பூக்கள் நெருக்கிக் கதிர்கட்டி நிற்கும். பூக்காத நாளில் அதுவும் ஒரு புல்தான். தோட்டக்கார மாலி தள்ளிவரும் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பூத்த நாளிலும் புல்தான். மேசை ஆர்க்கிட்டைக் காசு கொடுத்தால் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். புல்தரை ஆர்க்கிட்டை வாங்க முடியாது. அது வந்து முளைக்கும்படி மண்ணை வைத்திருக்கத்தான் முடியும். காட்டுத் தரை ஆர்க்கிட்டுகளை விதையிலிருந்து மீட்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

விதைக்குப் பஞ்சமில்லை என்பதை டார்வின் எண்ணியே காட்டினார். ஐரோப்பியத் தரை ஆர்க்கிட் ஒன்றின் ஒரு காயில் ஏறத்தாழ 6,200 விதைகள். முப்பது காய் பிடித்த ஒரு செடிக்கு 1,86,300. அத்தனையும் முளைத்துப் பெருகினால், அந்த ஒற்றைச் செடியின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளே உலகின் நிலப்பரப்பை ஏறக்குறைய மூடிவிடும் என்றும் கணக்குப் போட்டார். அப்படி ஏன் நடக்கவில்லை என்பதற்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. 1899இல் பிரான்சின் நோயல் பெர்னார் அதைக் கண்டுபிடித்தார். நெல்லானாலும் தேங்காயானாலும், முளை தலைதூக்கும்வரை தின்னக் கட்டுச்சோறு உள்ளேயே இருக்கிறது. தூசு போன்ற ஆர்க்கிட் விதை வெறுங்கையோடு புறப்படுகிறது. விழுந்த இடத்தில் உரிய பூஞ்சையின் இழை உள்ளே புகுந்து ஊட்டினால் பிழைக்கும், இல்லாவிட்டால் மட்கிப்போகும். தரை ஆர்க்கிட்டுகளில் பல, முதல் இலை விடுமுன் மாதக்கணக்கிலும் சில ஆண்டுக்கணக்கிலும் மண்ணுக்கடியில் வெளிறிய சிறு உருண்டையாக, அந்தப் பூஞ்சையின் தயவிலேயே கிடக்கின்றன. பூஞ்சைக்கும் அதற்கேற்ற மட்கு, ஈரம், நிழல், மண்ணின் புளிப்பு எல்லாம் அமைய வேண்டும். ஆகவே சொந்த வாழிடம்போல் அமைத்துக் கொடுப்பதென்றால் வெயிலையும் தண்ணீரையும் அளந்து கொடுப்பதோடு முடியாது. கண்ணுக்குத் தெரியாத செவிலித்தாயை உயிரோடு வைத்திருக்கும் வேலை அது.

பூஞ்சையே வேண்டாம், சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழிலேயே விதை முளைக்கும் என்று அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922இல் காட்டிவிட்டாரே என்று ஆய்வகத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இன்றைய ஆர்க்கிட் வணிகமே அந்தக் கூழின் மேல்தான் நிற்கிறது. ஆனால் குடுவையில் முளைப்பது ஒன்று, காட்டில் குடும்பம் நடத்துவது வேறொன்று. இங்கிலாந்தில் பெண்ணின் பாதணி வடிவப் பூவுடைய தரை ஆர்க்கிட் ஒன்று, பறிப்பவர் கைபட்டு யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடியாகச் சுருங்கியது. கியூ தோட்டத்தார் விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளை 1989 முதல் வெளியே நட்டார்கள். அவற்றில் முதல் பூ மலர்ந்தது 2000இல். அவை விதை போட்டு, அந்த விதை தானாக முளைத்த சேதி வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நட்ட செடியின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் காட்டிவிடலாம்; மீண்டது என்று சொல்ல அடுத்த தலைமுறை முளைக்க வேண்டும், அதை முடிவு செய்வது மண்.

நம் பக்கத்து உதாரணத்தின் பெயர் சாணக்யபுரியிலேயே இருக்கிறது. இங்குள்ள தமிழ்நாடு அரசு விருந்தினர் இல்லங்களில் ஒன்றுக்குப் பெயர் பொதிகை. அந்தப் பொதிகை மலைதான், மஞ்சள் இதழில் பழுப்புக் கோடோடிய பாஃபியோபெடிலம் ட்ரூரியின் வீடு. பாறை இடுக்கிலும் உயர்மலைப் புல்லிலும் வளரும் ஆர்க்கிட். தென்னிந்தியாவில் அந்தப் பேரினத்துக்கு வேறு பிரதிநிதி கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கர்னல் ட்ரூரி கண்டது, பிறகு காணாமல்போய் 1972இல் மீண்டும் அகப்பட்டது. அகப்பட்ட செய்தியே அதற்கு எமனாயிற்று, சேகரிப்பாளர்கள் மலையேறிவிட்டார்கள். 1991இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளுக்கென அட்டவணை சேர்த்தபோது இந்தப் பேரினம் முழுவதுக்கும் இடம் தந்தார்கள். கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்காவினர் இதை ஆய்வகத்தில் பெருக்கியும் இருக்கிறார்கள். அந்தப் பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. குடுவை நாற்று சந்தைக்கு வந்தால் காட்டுச் செடியின் மீதான கண் குறையும், அதுவே பெரிய உதவி. ஆனால் மலைப்புல் எரிந்து, இடுக்கின் மட்கு மழையில் கரைந்தால், நாற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மண் ஏற்குமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, செலவும் சொற்பம். 1993இல் ராஸ்முசன், விகம் என்ற இருவர் வெளியிட்ட முறை. மெல்லிய நைலான் வலைத்துணியில் ஒரு சிட்டிகை விதையை மடித்து, பழைய ஸ்லைடு படங்களுக்குப் போடும் சட்டத்துக்குள் செருகி, நூல் கட்டி மண்ணில் புதைப்பார்கள். வலையின் கண் வழியே பூஞ்சை இழை நுழையும், விதை வெளியே சிந்தாது. மாதங்கள் கழித்து நூலைப் பிடித்துத் தூக்கி, பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்தால் விதை உப்பியிருக்கிறதா, அப்படியே கிடக்கிறதா என்பது தெரிந்துவிடும். மண் பரிசோதனைக்கூடம் தராத பதிலை விதையே சொல்லிவிடுகிறது. பொதிகையிலும் பழனிமலைப் புல்வெளிகளிலும் இப்படிப் பொட்டலம் புதைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு நாற்றங்கால் போடலாம். நம் வழக்கம் தலைகீழ்: முதலில் கண்ணாடி வீடு, அப்புறம் திறப்பு விழா, கடைசியில் இடம் தேடல். விதை எடுப்பதே காட்டைக் கொள்ளையிடுவது என்று அஞ்சுவோரும் உண்டு. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, கிழங்கைத் தொடாமல் நாலைந்து காய் எடுப்பதால் செடி அழியாது.

காற்றும் நீரும் கெட்டுக் கிடக்கும் தலைநகரில் இதென்ன கவலை, தில்லி ஆர்க்கிட் நாடா என்று கேட்கலாம். விளைவிக்கும் நாடு இல்லைதான், தின்னும் நாடு. சியவனப்பிராசத்தில் சேரும் அஷ்டவர்க்கத்தின் எட்டில் நான்கு, இமயமலைத் தரை ஆர்க்கிட்டுகள். நம் நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்றும் தில்லியின் காரி பாவ்லி சந்தையில் சாலப் மிஸ்ரி என்றும் விற்பதும் தரை ஆர்க்கிட்டின் கிழங்கே. கிழங்கைப் பிடுங்கினால் செடி போயிற்று. விதையிலிருந்து பயிராக்கும் வழி இமயத்து உழவர் கைக்கு எட்டாதவரை இந்தச் சந்தை காட்டைத் தோண்டித்தான் நடக்கும். தில்லியின் சட்டக் கண்ணோ மரத்தை மட்டும் பார்க்கிறது. 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மீட்டர் உயரமாவது இல்லாதது மரமே அல்ல. வெட்டிய மரத்துக்குப் பதிலாக வேறிடத்தில் கன்று வைத்துக் கணக்கை நேர்செய்யலாம். அந்த மரத்தடி மண்ணையும் அதிலிருந்த பூஞ்சையையும் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றுவதில்லை. சாணக்யபுரியை ஒட்டிய ரிட்ஜ் காட்டில் விலாயத்தி கீக்கரை, அதாவது சீமைக்கருவேலத்தை, அகற்றிச் சொந்த மரங்களைக் கொண்டுவரும் பேச்சில், தரைமட்டத்துச் செடிகளுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

தானாக முளைப்பதற்கு இத்தனை பாதுகாப்பு ஏன் என்பது மிச்சமிருக்கும் கேள்வி. ஸூக்சின் 1936இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் தென்பட்டது. புல்விதையோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்கிறார்கள். யாரும் வளர்க்காமலே அங்கே பரவியது, ஏனென்றால் ஈரப் புல்தரையும் அதற்குரிய பூஞ்சையும் அங்கே காத்திருந்தன. நிலைமை ஒத்துவந்தால் விதை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புல்தரையில் பழுப்புத் திட்டு விழுந்தால் ரைசோக்டோனியா பூஞ்சை என்று சொல்லி மருந்தடிக்கிறோம். தரை ஆர்க்கிட்டுகள் பலவற்றுக்கு ஊட்டிவிடுவதும் அதே கூட்டத்துப் பூஞ்சைகள்தான். புது தில்லி முனிசிபல் கவுன்சிலின் பூங்காக்களில், ஈரம் தங்கும் ஓரமாக நாலு முழம் புல்லைக் குளிர்கால முடிவுவரை விட்டுவைத்து, மருந்தும் அடிக்காமல் பார்க்கலாம். பூத்த கதிர் காய்த்துப் பழுத்து வெடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மாலி இயந்திரத்தைச் சற்று ஒதுக்கி ஓட்டினால் போதும்.