வீர மதராசியும் வெறும் பெருமையும்

1955 என்றால் எங்கள் ஆவடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரே ஞாபகம்தான். அந்த ஜனவரியில் இங்கே காங்கிரஸ் மகாசபை கூடிற்று. சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. நல்லது. ஆனால் அதே 1955-ஆம் வருஷத்து டுராண்ட் கோப்பையை, நீலகிரி வெல்லிங்டனிலிருந்து போன மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் கால்பந்துக் குழு ஜெயித்தது என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா?" என்பார்கள். அந்த 'அப்படியா'வின் மேல்தான் எனக்குக் கோபம்.

டுராண்ட் கோப்பை இலேசான பண்டம் அல்ல. 1888-ல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காக ஏற்பட்ட பந்தயம் அது. இந்தியக் குழு ஒன்று அதைத் தொடுவதற்கு 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங் ஜெயித்தது. அதற்குப் பதினைந்தே வருஷத்தில் நம் பட்டாளத்துப் பையன்கள் இறுதி ஆட்டத்தில் விமானப் படையை 3-2 என்று வென்று அதைக் கொண்டு வந்தார்கள். 1956-ல் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிற்று. 1957-ல் ஹைதராபாத் போலீஸுக்கு. 1958-ல் மறுபடியும் வெல்லிங்டன்! இம்முறை எதிரில் நின்றது கூர்க்கா பிரிகேட். 2-0 என்று முடிந்தது.

இந்தக் குழுவில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 1953-ல் ரெஜிமென்டில் சேர்ந்தபோது அவர் முன்னணி ஆட்டக்காரர். அந்த நெடிய உருவத்தைக் கோலுக்கு நடுவே நிறுத்தலாம் என்று அங்கேதான் கண்டுகொண்டார்கள். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக், 1960-ல் ரோம், 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது. 2008-ல் அவர் காலமானார். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

"கால்பந்தா? அது பட்டாளத்தான் ஆட்டம், ஸார்! நமக்கெதற்கு?" என்கிறார் என் நண்பர் ஒருவர். பென்ஷன் வாங்குகிறவர், விவரம் தெரிந்தவர். அவருடைய கேள்விக்குப் பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பட்டாளத்தானுக்கு மட்டும் ஏன் ஆட்டம் வந்தது? அவன் ரத்தத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. அவனும் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவன்தான். ஆனால் அவனுக்கு நான்கு சங்கதிகள் கிடைத்தன: மைதானம், பூட்ஸ், வயிறார சாப்பாடு, தினமும் ஆடுவதற்கு நேரம். அதோடு, "நீ முன்னால் ஓடாதே, பின்னால் நில்" என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் கிடைத்தான். வீரம் அதற்குப் பிறகு வந்தது.

1758-ல் தோன்றிய படை, 'வீர மதராசி' என்ற போர் முழக்கம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறோம், மயிர்க்கூச்செறிகிறது. மேடையை விட்டு இறங்கியதும் என்ன செய்கிறோம்? அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை வயலும் ஏரிக்கரையுமாக இருந்த பூமியை மனை மனையாக அளந்து விற்றோம், வாங்கினோம். நானும் அப்படி ஒரு மனையில்தான் குடியிருக்கிறேன். வீடு வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் பெரிய மனைப் பிரிவுகளில் சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அந்தப் பங்கை என்ன பண்ணுகிறோம்?

எங்கள் நகரில் அதற்குக் கம்பி வேலி போட்டு, குரோட்டன்ஸ் செடி நட்டு, சுற்றிவர நடைபாதை அமைத்து, 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். தீர்மானம் போட்டது எந்தச் சர்க்காரும் அல்ல. நகர் நலச் சங்கம். சர்க்கரை வியாதிக்காரர்கள் நடக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி உடையக் கூடாது. நியாயந்தான்! பதினோரு வயசுப் பையன் மட்டும் தெருவில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே பந்தை உதைத்துக் கொள்ளலாம். பத்து வருஷம் போனால் அவனுக்கும் சர்க்கரை வியாதி வரும். அப்போது அவனையும் உள்ளே நடக்க விடுவார்கள் போலிருக்கிறது!

2012-ல் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு 3-2 என்று தோற்றது. ஜெயித்தது யார் தெரியுமா? ராணுவத்தார் அடங்கிய சர்வீசஸ் குழு. அன்று 'துரதிர்ஷ்டம்' என்றார்கள். மைதானம் வைத்திருக்கிறவன் ஜெயிப்பதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

1955-ஐயும் 1958-ஐயும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. வெறும் ஞாபகம் பலகையில் எழுதி மாட்டுவதற்குத்தான் உதவும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தப் பத்தில் ஒரு பங்கின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் போதும். கண்ணாடி உடைந்தால் சந்தா போட்டு மாற்றிக் கொள்ளலாம். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் 'வீர மதராசி' என்று மார் தட்டுவதையாவது நிறுத்திக் கொள்ளட்டும்.